ஒரு டிராகனும் கொஞ்சம் மரியாதையும்

செமஸ்டர் தேர்வுக்குக் கொடுத்த பத்து நாள் ஸ்டடி ஹாலிடேஸில் நான்கு நாளை ஒரு டிராகனுக்குத் தூக்கிக் கொடுத்தவன் எங்கள் விடுதியிலேயே நான் ஒருத்தன்தான். சிக்னல்ஸ் பேப்பரை எப்படி எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

புத்தகம் என்னுடையது இல்லை. ஒரு சீனியர் அண்ணா கொடுத்தது (அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்). பெயர் 'ஹிஸ் மெஜஸ்டிஸ் டிராகன்', எழுதியவர் நவோமி நோவிக், வெளிவந்த ஆண்டு 2006. இங்கிலாந்தில் இதே நாவல் 'டெமரேர்' என்ற பெயரில் வந்தது. டிராகன் கதை என்றாலே எனக்கு ஓர் அலர்ஜி. வாள், மந்திரவாதி, தீர்க்கதரிசனம், உலகத்தைக் காப்பாற்றப் பிறந்த ஒரு அனாதைப் பையன்... போதும்டா சாமி என்று இருக்கும். "இது அப்படி இல்ல, படிச்சுப் பாரு" என்று அவர் சொன்னதால் வாங்கி வைத்தேன். அவர் கொடுத்து நான் மறுப்பதாவது!

கதை 1805-ஐ ஒட்டிய காலம். நெப்போலியனோடு பிரிட்டன் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. 'ரிலையன்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கேப்டன் வில் லாரன்ஸ் ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடிக்கிறார். அதன் அடித்தளத்தில் ஒரு பெரிய முட்டை இருக்கிறது. சீனச் சக்கரவர்த்தி நெப்போலியனுக்கு அனுப்பிய பரிசு அது என்று பின்னால் தெரியவருகிறது. முட்டை சீக்கிரமே பொரிக்கப் போகிறது, கரையோ தூரத்தில். டிராகன் பொரிந்து வெளியே வந்த கையோடு ஒரு மனிதன் அதற்குச் சேணம் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது யாருக்கும் கட்டுப்படாமல் போய்விடும். பூட்டியவனுக்கோ அதோடு கப்பல் வாழ்க்கை முடிந்தது, மீதி ஆயுள் டிராகனோடுதான். யாருக்கும் மனசில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு சின்னப் பையனின் பெயரை எடுக்கிறார்கள்.

முட்டை உடைகிறது. வெளியே வந்த குட்டி அந்தப் பையனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக லாரன்ஸிடம் வந்து, ஏன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்கிறது!

இந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் காலத்து இங்கிலாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே கனவான்கள் சபையில் முன்பின் தெரியாதவரோடு நீங்களாகப் போய்ப் பேச முடியாது. இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஆள் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்று ஒரு அசட்டுப் பாதிரியார் வருவார். அவர் டார்சியிடம் தானே போய்த் தன்னை அறிமுகம் செய்துகொள்வதைப் பார்த்து எலிசபெத் கூசிப்போவாள். (ஆஸ்டின் யார் என்று கேட்பவர்களுக்கு: 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தின் மூலக்கதை அவருடைய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'தான். மம்மூட்டியும் ஐஸ்வர்யா ராயும் உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகம் செய்து வைத்துவிட்டார்கள்.) அப்படிப்பட்ட உலகத்தில், பிறந்து ஒரு நிமிஷம் ஆகாத ஒரு ஜீவன், அறிமுகம் இல்லாமல், ஒரு கேப்டனின் முகத்தைப் பற்றியே பேச்சைத் தொடங்குகிறது. லாரன்ஸ் என்ன செய்வார்? பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே! மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பணிவாகப் பதில் சொல்கிறார். அதோடு அவர் வாழ்க்கை தலைகீழாகிறது.

இந்த வகைக் கதைகளை 'ரீஜென்சி' என்பார்கள். கறாராகப் பார்த்தால் ரீஜென்சி என்பது 1811 முதல் 1820 வரைதான். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றி ஆள முடியாமல் போனதால் அவருடைய மகன் பிரதிநிதியாக இருந்து ஆண்ட ஒன்பது வருஷம். டெமரேர் கதை அதற்குக் கொஞ்சம் முன்னால் நடக்கிறது. ஆனால் அந்தப் பழக்க வழக்கம், பேச்சு, வரவேற்பறை, வாரிசுச் சொத்து, கல்யாணக் கணக்கு எல்லாம் ஒன்றேதான். யாரும் ஒன்பது வருஷத்தை அளந்துகொண்டு நிற்பதில்லை.

நோவிக் அமெரிக்கர். ஆங்கில இலக்கியம் படித்தவர், கணினியியலும் படித்தவர், கணினி விளையாட்டு ஒன்றிலும் வேலை பார்த்திருக்கிறார். (எங்கள் துறையிலிருந்தும் நாவலாசிரியர் வரலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல அரியர் இல்லாம வா" என்றார்.) கடற்படை வாழ்க்கையைப் பக்கம் பக்கமாக எழுதிய பேட்ரிக் ஓ'பிரையனின் வாசகி அவர். ஓ'பிரையனின் கடலில் ஆஸ்டினின் வரவேற்பறையை மிதக்கவிட்டு, மேலே டிராகனைப் பறக்கவிட்டால் இந்த நாவல். வாய்ப்பாடு மாதிரி சொன்னாலும் காரியம் அத்தனை சுலபம் இல்லை.

ஆஸ்டினுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய இருக்கிறது. அவருடைய சகோதரர்களில் இரண்டு பேர், பிரான்சிஸும் சார்லஸும், கடற்படையில் இருந்து அட்மிரல் அளவுக்கு உயர்ந்தவர்கள். பிரான்சிஸ் பாவம், அவருடைய கப்பலைத் தண்ணீரும் சாமானும் ஏற்றிவர ஜிப்ரால்டருக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் 1805 அக்டோபர் 21-ல் நடந்த டிரஃபால்கர் போரைத் தவறவிட்டார். வாழ்நாள் முழுக்க அது உறுத்தியிருக்கும்.

அந்தக் காலத்தில் பிறந்த குடும்பமும் சொத்தும் இல்லாதவன் மேலே வர இருந்த மிகச்சில வழிகளில் ஒன்று கடற்படை. எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் விலையில் பங்கு கிடைக்கும். கேப்டனுக்குப் பெரிய பங்கு, கடைசி மாலுமிக்குச் சில்லறை. 'பெர்சுவேஷன்' நாவலில், ஏழை என்று ஒதுக்கப்பட்ட வென்ட்வொர்த் எட்டு வருஷம் கழித்து 25,000 பவுண்டோடு திரும்பி வருவது இப்படித்தான். கேப்டன் பதவியை எட்டிவிட்டால், உயிரோடு இருந்தால் போதும், முறை வரும்போது அட்மிரல் ஆகலாம். லாரன்ஸ் ஒரு பிரபுவின் மகன்தான், ஆனால் கடைசி மகன். சொத்து மூத்தவருக்குப் போய்விடும். அவர் சம்பாதித்தது எல்லாம் கடலில்தான். மனசுக்குள் நினைத்து வைத்திருந்த எடித் என்ற பெண்ணை இனி கேட்கலாம் என்ற நிலைமைக்கு வந்தபோதுதான் அந்த முட்டை உடைகிறது.

டிராகன் படையில் சேருவது அவர்கள் சமூகத்தில் கௌரவமான விஷயம் இல்லை. விமானிகள் என்று சொல்லலாமா அவர்களை... வானோடிகள் என்று வைத்துக்கொள்வோம். வானோடிக்கு வீடு கிடையாது, விருந்துக்கு அழைப்பு கிடையாது, பெண் கொடுக்க மாட்டார்கள். பத்து மாட்டு வண்டி அளவுக்கு ஒன்று கூடவே வந்து தோட்டத்தில் படுத்துக்கொண்டால் யார் கொடுப்பார்கள்? லாரன்ஸ் அப்பா வீட்டுக்குப் போகும் அத்தியாயத்தைப் படித்தால் வயிறு என்னமோ செய்கிறது. யாரும் கத்துவதில்லை. எல்லோரும் மிக மிக மரியாதையாகப் பேசி அவரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். எடித்தும்தான். அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

குட்டிக்குப் பெயர் வைக்க வேண்டுமே! திடீரென்று கேட்டால் லாரன்ஸுக்கு வாயில் வருவது ஒரு கப்பலின் பெயர்தான்: டெமரேர். நிஜமான கப்பல் அது. 98 பீரங்கிகள், டிரஃபால்கரில் நெல்சனின் 'விக்டரி'க்கு அடுத்து வந்தது. கிழடாகி 1838-ல் உடைப்பதற்கு இழுத்துப் போகப்பட்டதை டர்னர் வரைந்த ஓவியம் லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. 2020-ல் வந்த இருபது பவுண்டு நோட்டிலும் அதை அச்சிட்டார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் துணிச்சல்காரன், முன்பின் யோசிக்காதவன் என்றெல்லாம் அர்த்தம். டிராகனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

இனி ஒரு இலக்கணச் சிக்கல். இதுவரை குட்டியை 'அது' என்றே எழுதிவந்தேன். ஆங்கிலத்தில் நோவிக் 'அவன்' என்றுதான் எழுதுகிறார். தமிழில் என்ன செய்வது? நன்னூல்படி மக்கள், தேவர், நரகர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. டிராகன் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் இவன் பேசுகிறான். லாரன்ஸ் புத்தகம் படித்துக் காட்டினால் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நியூட்டனின் கணிதத்தை லாரன்ஸைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறான். ராஜா என்று ஒருவர் இருந்தால் அவர் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும், நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லையே என்கிற தோரணையில் கேள்வி கேட்கிறான். லாரன்ஸ் திணறிப்போகிறார். நாவலில் அரசாங்கத்தின் கணக்குப்படி டிராகன் ஒரு பீரங்கி மாதிரி, மிக விலை உயர்ந்த அஃறிணை. லாரன்ஸுக்கு நாலாம் அத்தியாயத்துக்குள் அவன் உயர்திணை ஆகிவிடுகிறான். நானும் 'அவன்' என்றே எழுதப் போகிறேன்.

பயிற்சி ஸ்காட்லாந்தில், லாக் லாகன் என்ற ஏரிக்கரையில். தலைமைப் பயிற்சியாளரைப் பார்க்கப் போனால் அவரே ஒரு டிராகன்! லாரன்ஸ் சுதாரித்துக்கொண்டு சல்யூட் வைக்கிறார். அப்புறம் பெண்கள். லாங்விங் என்ற இனத்து டிராகன்கள் அமிலம் துப்பும். பிரிட்டனுக்கு அவை இல்லாமல் முடியாது. ஆனால் அவை பெண்களைத் தவிர வேறு யாரையும் கேப்டனாக ஏற்பதில்லை. அதனால் கால்சட்டை போட்டுக்கொண்டு பெண்கள் போருக்குப் போகிறார்கள், வெளியே யாருக்கும் சொல்லாமல். பெண்ணைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று வளர்ந்த லாரன்ஸ், கேப்டன் ஹார்கோர்ட்டைப் பார்த்துவிட்டு எழுவதா சல்யூட் அடிப்பதா என்று தவிக்கிற தவிப்பு இருக்கிறதே... அந்தப் பகுதிக்காகவே படிக்கலாம்.

ஒரு டிராகன் என்பது ஒரு கப்பல் மாதிரி. முதுகிலும் வயிற்றிலும் சேண வார்களில் கொக்கி மாட்டிக்கொண்டு துப்பாக்கிக்காரர்கள், குண்டு போடுகிறவர்கள், சைகைக் கொடி காட்டுகிறவர்கள், சின்னப் பையன்கள் என்று ஒரு குழுவே இருக்கும். கீழே தரையில் சேணம் தைக்க, வாரைச் சரிபார்க்க, கழுவிவிடத் தனி ஆட்கள். இந்த ஏற்பாட்டை நோவிக் விவரிக்கும்போது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

நம்பாமல் போகிற இடமும் உண்டு. ஆதிகாலத்திலிருந்து டிராகன்கள் இருக்கும் உலகத்தில் சரித்திரம் மட்டும் எப்படி அச்சு அசலாக இதே நெப்போலியன், இதே நெல்சன், இதே 1805-க்கு வந்து நிற்கும்? யோசித்தால் ஓட்டை. நோவிக் அதைப்பற்றி முதல் புத்தகத்தில் கவலைப்படவே இல்லை. ஆனால் ஓட்டை வழியாக ஒரு நல்ல காற்றும் வருகிறது. நிஜத்தில் நெப்போலியன் 1803 முதல் 1805 வரை பூலோன் கடற்கரையில் பெரும் படையை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைத் தாண்ட முடியாமல் காத்திருந்தார். பலூனில் பறந்து வருவான், கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி வருவான் என்றெல்லாம் அப்போதே படம் போட்டு அச்சிட்டார்கள். கடைசியில் அவர் படையைத் திருப்பிக்கொண்டு ஆஸ்திரியா பக்கம் போய்விட்டார். நாவலிலோ டிரஃபால்கரில் நெல்சன் சாகவில்லை, தீக்காயத்தோடு பிழைக்கிறார். கடலில் தோற்ற நெப்போலியன் வானத்தில் வருகிறார். அந்த டோவர் சண்டை நன்றாகவே இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், மற்ற சண்டைகளில் யார் யாருக்கு இடதுபுறம் பறந்தார்கள் என்பதை நான் கொஞ்சம் தாண்டித்தான் படித்தேன்.

என்னை உட்காரவைத்தது சண்டை இல்லை. லெவிடாஸ்.

லாக் லாகனுக்கு லாரன்ஸ் போன புதிதில் அங்கே யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடற்படையிலிருந்து வந்து அரிய டிராகனைத் தட்டிக்கொண்டு போனவர் என்ற கோபம். வானோடிகள் முரட்டுத்தனமாகப் பேசுகிறவர்கள், சாப்பாட்டு மேஜையில் ஒழுங்கு கிடையாது. ஒரே ஒருவர் மட்டும் நல்லவிதமாகப் பேசுகிறார்: கேப்டன் ரேங்கின். நல்ல குடும்பம், நல்ல உடை, நல்ல உச்சரிப்பு. லாரன்ஸுக்குத் தன் மாதிரி ஒரு ஆள் கிடைத்துவிட்டாரே என்று நிம்மதி.

ரேங்கினின் டிராகன்தான் லெவிடாஸ். வின்செஸ்டர் என்ற சிறிய இனம், தபால் கொண்டுபோகிற வேலைக்கு. ரேங்கினைப் பொறுத்தவரை அது வாகனம். கடிதம் வந்ததும் ஏறுவார், இறங்கியதும் போய்விடுவார். சேணத்தைக்கூடக் கழற்றுவதில்லை. அழுக்கோடும் பசியோடும் அவன் முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். யாராவது வந்தால் கேப்டனாக இருக்குமோ என்று தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

(ரேங்கினுக்கு 'ர்' விகுதி போட மனசே வரவில்லை. இருந்தாலும் போட்டிருக்கிறேன். கேப்டன் ஆயிற்றே.)

லாரன்ஸ் இதைக் கவனித்ததும் தன் தரைக்குழுவில் இருக்கும் ஹாலின் என்ற ஆளை அனுப்பி லெவிடாஸைச் சுத்தம் செய்யச் சொல்கிறார். ரேங்கினுக்குக் கோபம். ஒரு கேப்டனுக்கும் அவருடைய டிராகனுக்கும் நடுவில் இன்னொருவர் தலையிடுவதைவிடப் பெரிய மரியாதைக்கேடு அந்தப் படையில் இல்லை. அது மட்டுமில்லை, லெவிடாஸ் வேறு யாரையும் கேட்கவும் இல்லை. அவனுக்கு வேண்டியது அவன் கேப்டன்தான். எல்லோருக்கும் தெரிகிறது, எல்லோரும் வருத்தப்படுகிறார்கள், யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

நான் முதல் வருஷம் விடுதிக்கு வந்தபோது தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன். என் ஆங்கிலத்தைச் சொல்லிக் காட்டிச் சிரிக்காத ஆளே எங்கள் பிளாக்கில் இல்லை. அந்தச் சீனியர் அண்ணா மட்டும் சிரித்ததே இல்லை. ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். தவறாகச் சொன்னால் யாரும் இல்லாத நேரத்தில் மெதுவாகத் திருத்துவார். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் விடுதியில் கதவைத் தட்டுகிற ஒரே பிறவி. நான் இங்கே எழுதுகிற இந்த ஆர்வம்கூட அவர் கொடுத்த புத்தகங்களில் தொடங்கியதுதான்.

மெஸ்ஸில் சப்ளை செய்ய ஒரு அண்ணன் இருந்தார். நாங்கள் எல்லோரும் "அண்ணே" என்போம், அவ்வளவுதான். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தபோது, கேட்காமலே ரசம் சாதத்தை டம்ளர் மூடிவைத்து மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தவர். இரண்டாம் வருஷம் ஒருநாள் இரவு கூட்டத்தில் அவர் கை தவறி, சாம்பார் வாளி சாய்ந்து, சீனியர் அண்ணாவின் லேப்டாப் பையெல்லாம் நனைந்துவிட்டது. உள்ளே ரெக்கார்டு நோட்டு இருந்தது. லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணா கத்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. "பரவாயில்லை" என்றுகூடச் சொன்னார். ரூமுக்குப் போய் வார்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சுகாதாரம், கவனக்குறைவு, தொடர்ந்து நடப்பது என்றெல்லாம் அழகான ஆங்கிலம். நேரில் பார்த்தவர்கள் கையெழுத்து வேண்டும் என்று என்னிடம் நீட்டினார். தொடர்ந்து நடப்பது என்பது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். வாசித்தேன், போட்டேன். எனக்காக எவ்வளவு செய்தவர், ஒரு கையெழுத்துக்கு எப்படி மாட்டேன் என்பது? அது மரியாதை இல்லையே.

அந்தக் கடிதத்தில்தான் மெஸ் அண்ணனின் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

மறு வாரம் அவர் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து மெஸ்ஸில் கேட்டேன். நின்றுவிட்டார் என்றார்கள். எந்த ஊர் என்றால் அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. அப்புறம் இன்டர்னல்ஸ் வந்தது, நானும் மறந்துவிட்டேன்.

மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து மீதியைப் படித்தேன். (கதையின் முக்கியமான இடத்தைச் சொல்லப் போகிறேன், படிக்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) பிரான்ஸ் பக்கம் உளவு பார்க்கப் போன லெவிடாஸ், படையெடுப்பு வரப்போகிறது என்ற செய்தியோடு, உடம்பெல்லாம் கிழிந்து திரும்பி வருகிறான். பிழைக்க மாட்டான். ரேங்கினுக்குப் பெரிய காயம் இல்லை. செய்தியைச் சொன்னதும் தன் கடமை முடிந்தது என்று போய்விடுகிறார். லெவிடாஸ் கேப்டனைக் கேட்கிறான். அப்போது லாரன்ஸ், அதுவரை ஒரு முறைகூட மரியாதை தவறாத லாரன்ஸ், ரேங்கினைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவன் தலைமாட்டில் மண்டியிட வைக்கிறார். பேசச் சொல்கிறார். ரேங்கின் ஒப்புக்கு நாலு வார்த்தை பேசுகிறார். லெவிடாஸுக்கு அது ஒப்புக்கு என்று தெரியவே இல்லை. கேப்டன் வந்துவிட்டார் என்று சந்தோஷமாகச் செத்துப்போகிறான்.

நான் அழுதேன். விடியற்காலை மூன்று மணி, ரூம்மேட் தூங்கிக்கொண்டிருந்தான், நல்லவேளை.

தொடரில் மொத்தம் ஒன்பது நாவல்கள். கடைசி 2016-ல் வந்தது. மற்றதையும் பிறகு தேடிப் படித்தேன். இரண்டாவது புத்தகத்தில் டெமரேர் சீனாவுக்குப் போகிறான். அங்கே டிராகன்கள் நகரத் தெருவில் நடக்கின்றன, சம்பளம் வாங்குகின்றன. பார்த்துவிட்டு வந்தபின் அவனால் லாயத்தில் சும்மா படுத்துக்கிடக்க முடியவில்லை. போகிற வழியில் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளைக் கப்பலேற்றுவதைப் பார்க்கிறான். (பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது 1807-ல்தான், கதை அதற்கு முந்தியது.) தன் கழுத்துச் சேணத்தையும் அவர்கள் சங்கிலியையும் சேர்த்துப் பார்த்து அவன் யோசிப்பது லாரன்ஸுக்கு இருப்புக்கொள்ளாத விஷயம். நாலாவது புத்தகத்தில் டிராகன்களுக்கு ஒரு கொள்ளை நோய். மருந்து பிரிட்டனிடம் இருக்கிறது. நோயுற்ற எதிரி டிராகன் ஒன்றைத் திருப்பி அனுப்பி பிரான்ஸில் நோயைப் பரப்பிவிட அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். லாரன்ஸும் டெமரேரும் மருந்தைத் தூக்கிக்கொண்டு எதிரி நாட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அப்பட்டமான தேசத்துரோகம், தூக்குத்தண்டனை. கொடுத்துவிட்டு லாரன்ஸ் ஓடவும் இல்லை, தண்டனையை வாங்கத் திரும்பி வருகிறார். நாலு புத்தகத்துக்கு முன்னால் குட்டி டிராகனிடம் மன்னிப்புக் கேட்ட அதே மனிதர்தான். மரியாதையை அவ்வளவு தூரம் நிஜமாக எடுத்துக்கொண்டால் ஒருவன் எங்கே போய் நிற்பான் என்று நோவிக் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ரேங்கினும் பின்னால் திரும்பி வருகிறார். அவருக்கு இன்னொரு டிராகன் கிடைக்கிறது, அவரை மாதிரியே. அதைப் படித்துச் சிரிக்கலாம், லெவிடாஸ் ஞாபகம் வராவிட்டால்.

தேர்வு முடிந்த அன்று முதல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அட்டை கசங்கியிருந்தது, மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்னடா" என்றார். எப்படி இருந்தது என்று கேட்டார். லெவிடாஸ் பகுதியைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த இடத்துல நான் அழுதுட்டேன்" என்றார். "ரேங்கின் மாதிரி ஒரு ஆளை மன்னிக்கவே முடியாதுல்ல?"

பொய் சொல்லவில்லை. சொல்லும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. மெஸ் அண்ணனின் பெயர் என் வாய் வரைக்கும் வந்தது.

"ஆமாண்ணா" என்றேன்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டாவது புத்தகத்தை எடுத்து, மேலே இருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் நீட்டினார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.